பெல்ட் ஓடவில்லை: பேச்சிழப்பின் வரலாறும் ஒரு சுரங்கத் தொழிலாளியும்

1

வாதம் அடிப்பதற்கு முந்தைய நாள் பெரியப்பா கடைசியாக முழுசாகச் சொன்ன வாக்கியம் எது என்று வீட்டில் யாருக்கும் ஞாபகமில்லை. ஞாபகத்தில் வைக்கவேண்டிய வாக்கியம் அது என்று எவருக்கும் அப்போது தெரிந்திருக்க நியாயமில்லை. விடிகாலையில் பல் துலக்கப் போனவர் வேப்பங்குச்சியைப் பிடித்தபடியே நின்றார். வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. வலது கை தொங்கிவிட்டது. பெரியம்மா கூப்பிட்டதற்குத் திரும்பி "ஆங்... அது... அது..." என்றார். அந்த 'அது'வோடுதான் அடுத்த பல மாதங்கள் கழிந்தன.

நெய்வேலி முதல் சுரங்கத்தில் முப்பது வருஷம் கன்வேயர் பெல்ட்டில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மந்தாரக்குப்பம் பக்கம் ஓட்டு வீடு ஒன்று கட்டிக்கொண்டு இருந்தார். வாதம் என்றதும் தெருவே கூடியது. ஒருவர் புறா ரத்தம் தேய்க்கச் சொன்னார். பக்கத்து வீட்டு ஆயா வசம்பைச் சுட்டு நாக்கில் தடவினாள். எங்கள் பக்கத்தில் வசம்புக்கு இன்னொரு பேர் 'பேர் சொல்லாதது'. பேர் சொல்ல முடியாமல் போன மனுஷன் நாக்கில் பேர் சொல்லாததைத் தடவியது பற்றிச் சிரிப்பதற்கு எங்களுக்கு ரொம்ப நாள் ஆயிற்று. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது மறுநாள் சாயங்காலம். மூளை ரத்தக்குழாயை அடைத்த கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவதற்கு முதல் நாலரை மணி நேரம்தான் கெடு என்பது எங்களுக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது. வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சு குழறினால் புறாவைத் தேடாதே, வண்டியைத் தேடு. இக்கட்டுரையில் வேறெதுவும் வாசகருக்கு மனதில் தங்காவிட்டாலும் இது தங்கினால் போதும்.

கால் மெல்ல வந்தது. கையும் கொஞ்சம் வந்தது. பேச்சு வரவில்லை. அவரிடம் எஞ்சியிருந்தவை: ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணுவது, "முருகா", ஒரு கெட்ட வார்த்தை, "ஜிந்தாபாத்". இந்த நாலும் சுத்தமாக, குழறலே இல்லாமல் வரும். பெண்டாட்டி பேரைக் கேட்டால் வராது. தண்ணீரைக் காட்டி இது என்ன என்றால் வராது. ஆனால் தண்ணீர் எது என்று கேட்டால் சரியாகக் காட்டுவார். புத்தி பிசகிவிட்டது என்றார்கள் சொந்தக்காரர்கள். அவருக்கு எல்லாம் புரிந்தது. அவர்கள் சொன்னதும் புரிந்தது.

ஏழெட்டு மாதம் கழித்து ஒருநாள் என் கையைப் பிடித்து, தலையைத் தொட்டுக்காட்டி, பிறகு வாயைத் தொட்டுக்காட்டி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "மோட்டாரு... ஓடுது. பெல்ட்டு... ஓடல."

பேச்சிழப்பு பற்றி அதற்குப் பிறகு நான் படித்த எந்த நூலும் இதைவிடத் துல்லியமான விளக்கத்தைத் தரவில்லை. மருத்துவம் இதை அஃபேசியா என்கிறது. பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஆரம்ப நாட்களில் இது இருக்கிறது. இதன் வரலாறு வழக்கமாக மூளையின் வரலாறாகவே எழுதப்படுகிறது. யாருடைய பேச்சு மீட்கப்பட வேண்டியது என்று எந்தெந்தக் காலம் தீர்மானித்தது, யாருக்கு அதற்கான அவகாசம் கிடைத்தது என்ற கேள்வியை வைத்துக்கொண்டு அந்த வரலாற்றைத் திருப்பிப் படிக்க இங்கே முயல்கிறேன்.

2

1861 ஏப்ரல். பாரிசுக்கு அருகே பிசெத்ர் ஆஸ்பத்திரி. செருப்பு தைப்பதற்கான மரஅச்சு செய்கிற தொழிலாளி ஒருவர் 21 வருஷமாக அங்கே கிடந்தார். எதைக் கேட்டாலும் "தான், தான்" என்ற ஒரே ஓசைதான் பதில். அதனால் 'தான்' என்பதே அவருக்குப் பட்டப்பெயராகிவிட்டது. கால் அழுகி அறுவைப் பிரிவுக்கு வந்தபோது பால் ப்ரோக்கா என்ற மருத்துவர் அவரைப் பார்த்தார். ஆறு நாளில் நோயாளி இறந்தார். ப்ரோக்கா மூளையை எடுத்து, இடப்பக்க முன்மடலில் இருந்த சிதைவை மறுநாளே மானுடவியல் சங்கத்தில் காட்டினார். பேச்சுக்கு மூளையில் ஓர் இடம் உண்டு என்ற நவீன நரம்பியலின் கதையாடல் இந்த இடத்தில் தொடங்குகிறது. 1874இல் கார்ல் வெர்னிக்கே மறுபாதியை எழுதினார்: சரளமாகப் பேசுவார்கள், ஆனால் பேச்சில் பொருள் இராது, பிறர் பேச்சும் புரியாது, அதற்கு வேறோர் இடம்.

அந்தத் தொழிலாளியின் மூளை பாரிஸ் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக் குடுவைக்குள் பத்திரமாக இருந்தது. 2007இல் அதை நவீன ஸ்கேன் எடுத்து, சிதைவு ப்ரோக்கா கருதியதைவிட ஆழமாகப் போயிருந்தது என்றும் கண்டார்கள். ஆனால் அவர் பேர் லூயி விக்தோர் லெபோர்ன், பிறந்த ஊர் மோரே, குடும்பம் இன்னது என்பதெல்லாம் 2013இல்தான் ஆவணக் காப்பகத்திலிருந்து வெளியே வந்தன. மூளைக்கு 150 வருஷம் இடம் கொடுத்த அறிவியல், ஆளுக்கு இடம் கொடுக்க அத்தனை வருஷம் எடுத்துக்கொண்டது. உழைப்பவனின் உடம்பு அறிவுக்குக் கச்சாப்பொருளாவதும் பெயர் உதிர்ந்துபோவதும் நமக்குப் புதிய செய்தியல்ல. சுரங்கத்துக்காக நிலம் கொடுத்த ஊர்களின் பேர்களைத் தேடுகிறவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

லெபோர்ன் இறந்து ஐந்து வருஷம் கழித்து, 1866இல், பெல்ஜியத்தில் கவிஞர் பாதலேருக்குப் பக்கவாதம் வந்தது. பிரெஞ்சுக் கவிதையை மாற்றிப்போட்ட அந்த வாயில் எஞ்சியது "க்ரேநோம்" என்ற ஒரே வசைச்சொல். கடவுளின் பெயரை இழுத்துத் திட்டுவதன் சுருக்கம் அது. கன்னிகாஸ்திரீகள் பார்த்துக்கொண்ட இடத்தில் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். லெபோர்ன் கோபம் வந்தால் மட்டும் சொன்ன வசையும் கிட்டத்தட்ட அதேதான். அச்சு செய்கிற தொழிலாளிக்கும் நவீனத்துவத்தின் மகாகவிக்கும் பக்கவாதம் மிச்சம் வைத்தது ஒரே சொல்லை. நோய் வகுப்பு பார்ப்பதில்லை. நோய்க்குப் பிறகு வருகிற எல்லாமும் பார்க்கிறது. பாதலேரை அவர் அம்மா பாரிசுக்குக் கூட்டிப்போனார். நண்பர்கள் வந்து பியானோ வாசித்துக் காட்டினார்கள். 1867இல் அவர் இறந்தபோது பேர் தொலையவில்லை.

3

பேர் வராத வாயில் வசை மட்டும் எப்படி வருகிறது? லண்டனில் ஹ்யூலிங்ஸ் ஜாக்சன் 1860களிலும் 70களிலும் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி இது. பேச்சு ஒரே சரக்கு அல்ல என்றார் அவர். யோசித்து, ஒரு கருத்தை முன்வைக்கிற பேச்சு ஒன்று. தானாக உருண்டு வருகிற பேச்சு மற்றொன்று: வசை, பிரார்த்தனை, எண்ணிக்கை, வந்தனம், பழகிப்போன தொடர்கள். முதலாவது போனாலும் இரண்டாவது மிஞ்சும். 'முருகா' என்பது பெரியப்பாவின் பக்தி அல்ல. வேலுடையான்பட்டுப் பங்குனி உத்திரத்துக்கு வருஷம் தவறாமல் நடந்த கால்களின் பழக்கம் நாக்கில் ஏறியது அது.

வாதம் அடித்த அடுத்த மே தினத்தில் சங்கக் கொடியேற்றத்துக்கு அவரை வண்டியில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனார்கள். "இன்குலாப்" என்றதும் எல்லோரோடும் சேர்ந்து "ஜிந்தாபாத்" என்றார், கணீரென்று. கூட்டம் நெகிழ்ந்துபோனது. தோழருக்குப் பேச்சு வந்துடுச்சு என்று ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அண்ணே, உங்களுக்கு இப்ப என்ன வேணும், சொல்லுங்க" என்றார். பெரியப்பா வாயைத் திறந்தார். "அது... அது..." என்றார்.

அந்தக் காட்சி என்னை ரொம்ப நாள் விடவில்லை. முழக்கம் வருகிறது, கோரிக்கை வரவில்லை. இயக்கங்களில் இருக்கிற நாம் எத்தனை கூட்டங்களில் இப்படிப் பேசியிருக்கிறோம், எத்தனை கட்டுரைகளில் 'அதிகாரம்', 'சொல்லாடல்', 'விளிம்பு' என்று தானாக உருண்டு வருகிறதை எழுதித் தள்ளியிருக்கிறோம் என்று உடனே ஒரு உருவகம் கையில் சிக்கியது. எழுதவும் உட்கார்ந்தேன். பிறகுதான் உறைத்தது. பெரியப்பாவுக்கு ஒரு ஆரஞ்சு சோடா வேண்டியிருந்தது. அதைச் சொல்ல முடியாமல் தவித்தவரை இடதுசாரிகளின் நெருக்கடிக்குக் குறியீடாக்கிக்கொண்டிருந்தேன். நோயை உருவகமாக்காதே என்று சூசன் சொன்டாக் 1978இல் எழுதியதைப் படித்தவன்தான் நான். படித்ததும் பயன்படவில்லை.

சிறுபத்திரிகை மரபுக்கே இந்த வியாதி உண்டு. மௌனம் என்றால் நமக்கு ஞானம், எதிர்ப்பு, கவிதையின் உச்சம். சொல்லற்ற நிலையைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்திருக்கிறோம். சொல்லற்றுப்போன ஒருவரின் வீட்டில் ஒருநாள் இருந்து பார்த்தால் மௌனத்தைக் கொண்டாடக் கை வராது.

4

அடுத்த திருப்பம் யுத்தத்தால் வந்தது. முதல் உலகப்போரில் தலையில் குண்டடிபட்ட ஜெர்மன் சிப்பாய்களை வைத்துக் குர்ட் கோல்ட்ஸ்டைன் பிராங்பர்ட்டில் மறுவாழ்வுப் பணி செய்தார். இரண்டாம் உலகப்போரில் சோவியத் உளவியலாளர் அலெக்சாந்தர் லூரியா யூரல் பகுதியில் கிசெகாச் என்ற இடத்தில் ஓர் ஆஸ்பத்திரியை நடத்தினார். படுக்கை படுக்கையாக, பேச முடியாத இளைஞர்கள். அவர்கள் தொழிற்சாலைக்கும் வயலுக்கும் திரும்ப வேண்டும். குடுவையில் மூளையை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க அவகாசம் கிடையாது. 1947இல் வெளிவந்த அவருடைய பேச்சிழப்பு நூல் அந்த அவசரத்திலிருந்து பிறந்தது.

லூரியாவின் அடிப்படைக் கருத்து எளிமையானது. பேச்சு மூளையில் ஒரு புள்ளியில் இல்லை. பல பகுதிகள் சேர்ந்து இழுக்கிற ஓர் இயக்க அமைப்பு அது. ஓரிடம் அறுந்தால் வேறு வழியாகச் சுற்றிக்கொண்டுபோய் அதே வேலையைச் செய்விக்க முடியும். உதட்டசைவைக் கண்ணாடியில் பார்த்து ஒலியை மீட்கலாம். வாக்கியம் கோர்க்க வராதவருக்கு வெளியே நாலு அட்டைகளை வரிசையாக வைத்துக்கொடுத்து, ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே பேசவைக்கலாம். நாளடைவில் அட்டை உள்ளே போய்விடும். பெல்ட் அறுந்தால் மாற்றுப் பாதையில் திருப்பிவிடு என்பதுதான் இது. பெரியப்பாவுக்குச் சொன்னபோது அவருக்கு உடனே புரிந்தது. "ஆமா... ஆமா... பைபாசு" என்றார்.

அதே லூரியா ஸசெத்ஸ்கி என்ற சிப்பாயைக் கால் நூற்றாண்டு தொடர்ந்து கவனித்தார். 1943இல் தலையில் குண்டடிபட்டவர் அவர். ஒரு சொல்லைத் தேடி மணிக்கணக்கில் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு அரைப்பக்கம், சில நாள் அதுவும் இல்லை என்று மூவாயிரம் பக்கம் போல எழுதினார் அந்த மனுஷன். எழுதியதைத் தன்னாலேயே திருப்பிப் படிக்க முடியாது. 1971இல் லூரியா அந்தக் குறிப்புகளையும் தம் விளக்கங்களையும் சேர்த்து ஒரு நூலாக்கினார். பேச்சிழப்பின் வரலாற்றில் நோயாளி வெறும் மூளையாக இல்லாமல் ஆசிரியனாகவே வந்து நிற்கிற நூல்.

நெய்வேலிக்காரனுக்கு இந்த இடத்தில் ஒரு கணக்கு இடிக்கும். 1961 ஆகஸ்ட் 24இல் சுரங்கத்தில் முதல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. மண்ணை வெட்டிய ராட்சத இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவை. 1962இல் ஓடத் தொடங்கிய முதல் அனல் மின்நிலையம் சோவியத் உதவியில் எழுந்தது. 600 மெகாவாட்டாக வளர்ந்து 2020இல் மூடப்பட்டது. ஆக, பேச்சிழப்புக்குப் பயிற்சி தருவதில் உலகத்துக்கே வழிகாட்டிய இரண்டு நாடுகளிலிருந்தும் இந்த மண்ணுக்கு ஆட்களும் இயந்திரங்களும் வந்தன. பாய்லரும் டர்பைனும் பக்கெட் வீலும் கேட்டு வாங்கினோம். உடைந்த இயந்திரத்தைச் சரிசெய்யும் வித்தையைக் கற்றுக்கொண்டோம். உடைந்த மனிதனைச் சரிசெய்யும் வித்தையும் அங்கே இருக்கிறது, அதையும் கொடு என்று கேட்க நம் தொழிற்சங்கங்களுக்கும் தோன்றவில்லை, நம் அறிவாளிகளுக்கும் தோன்றவில்லை. வளர்ச்சி என்று எதைச் சொன்னோம் என்பதை இந்த விடுபடலிலிருந்தே படித்துவிடலாம்.

5

நெய்வேலி நிறுவனம் பதிவான 1956ஆம் வருஷத்திலேயே ரோமன் யாகப்சன் பேச்சிழப்பு பற்றிய தமது புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். மொழிக்கு இரண்டு அச்சுகள்: சொல்லைத் தேர்ந்தெடுப்பது, தேர்ந்ததை அடுத்ததோடு கோர்ப்பது. பேச்சிழப்பும் இரண்டு வகை. தேர்வு உடைந்தவருக்குப் பெயர்கள் வராது, 'அது', 'இது' என்று சூழலைப் பிடித்துத் தொங்குவார். கோர்ப்பு உடைந்தவருக்குச் சொற்கள் வரும், வாக்கியம் வராது. தந்தி மாதிரி பேசுவார். முன்னதில் உருவகம் சாகிறது, பின்னதில் ஆகுபெயர். அமைப்பியலைத் தமிழில் படித்த எவரும் இந்த உருவகம்–ஆகுபெயர் இணையைத் தாண்டி வந்திருக்க முடியாது. கவிதை படிக்க, சினிமா படிக்க, கனவு படிக்க எல்லாவற்றுக்கும் அதை எடுத்தாண்டோம். அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே நோயாளி இருந்தான். அவனை மட்டும் விட்டுவிட்டோம்.

விட்டதால் நம் மொழியைப் பற்றியே சிலவற்றைக் கற்காமல் போனோம். பெரியப்பா இரண்டு மூன்று சொற்களைக் கோர்க்கத் தொடங்கியபோது வினைமுற்றுகள் வரவில்லை. ஏவல்தான் வந்தது: "தண்ணி... குடு." "கதவு... தொற." தமிழில் வினையின் வால் அறுந்தால் எஞ்சுவது கட்டளை. எஞ்சிய சொல்லே அதிகாரமாக ஒலிக்கிறது. 'ங்க' போய்விட்டது. சம்பந்தியை "நீ... வா" என்றார். சம்பந்தி முகம் சுண்டி எழுந்து போய்விட்டார். மரியாதை என்பது நம்மிடம் மனசில் மட்டும் இல்லை, விகுதியில் இருக்கிறது. விகுதி நரம்பில் இருக்கிறது. ஒரு நரம்பு அடைத்தால் ஒரு மனுஷனின் ஐம்பது வருஷத்துப் பண்பாடு போய்விட்டது என்று ஊர் தீர்ப்பெழுதிவிடும்.

எதிர்த்திசையிலும் இது நடந்தது. வந்தவர்கள் அவர் எதிரிலேயே பெரியம்மாவிடம் "சாப்புட்டாரா? தூங்குறாரா?" என்று விசாரித்தார்கள். முன்னிலையில் இருந்தவர் படர்க்கை ஆகிவிட்டார். சிலர் குழந்தையிடம் பேசுவதுபோல் "சாப்டியா கண்ணு" என்றார்கள். முப்பது வருஷம் நைட் ஷிப்ட் பார்த்தவரை.

பரிசோதனையிலும் மொழி அரசியல் உண்டு. ஓர் ஆஸ்பத்திரியில் படம் காட்டிப் பேர் கேட்டார்கள். ரொம்ப முக்கித் திணறி "சேரு" என்றார். காகிதத்தில் 'நாற்காலி' என்று அச்சாகியிருந்தது. எந்தச் சுரங்கத் தொழிலாளி வீட்டில் நாற்காலி இருக்கிறது? சேர்தான் இருக்கிறது. எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் இவ்வளவு தள்ளி நிற்கிற நாட்டில், எந்தத் தமிழை ஒருவர் இழந்தார், எந்தத் தமிழை அவருக்குத் திருப்பித் தரப்போகிறோம் என்பது பண்டிதர் விவகாரம் அல்ல. முதலில் கற்ற மொழி முதலில் திரும்பும் என்றார் ரிபோ, 1881இல். அதிகம் புழங்கிய மொழி முதலில் திரும்பும் என்றார் பித்ர், 1895இல். இருவருமே எல்லா நோயாளிக்கும் சரியாக வரவில்லை. வீட்டில் தெலுங்கோ மலையாளமோ, சுரங்கத்தில் தமிழ், ஆபீசில் இங்கிலீஷ் என்று வாழ்கிற டவுன்ஷிப் இந்தக் கேள்விக்கான ஆய்வுக்களம். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் துறை ஒரு பஸ் தூரம்தான்.

6

1956ஐ இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொள்வோம். நவம்பர் 1இல் மொழிவாரி மாநிலங்கள். நவம்பர் 14இல் நெய்வேலி நிறுவனம். அந்த வருஷமே தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் சென்னை சட்டமன்றத்தில். கடலுக்கு அந்தப் பக்கம், ஜூனில், சிங்களம் மட்டும் சட்டம். மொழி என்பது ஓர் இனத்தின் உடைமை, அது பறிபோகலாம், அதற்காகப் போராடலாம் என்பது நம் அரசியலின் அச்சாணியாகிவிட்ட காலம். அந்த அரசியல் மேடைப் பேச்சால் நடந்தது. நாவன்மை இல்லாதவர் தலைவராக முடியாது என்று இருந்தது.

அப்படிப்பட்ட நாட்டை மூன்று வருஷம் போலப் பேச்சு தடுமாறிய ஒருவர் ஆண்டார். எம்.ஜி.ஆர். 1967 ஜனவரி 12இல் எம்.ஆர். ராதாவால் கழுத்தில் சுடப்பட்டு, குரல் மாறிப்போனவர். 1984 அக்டோபரில் சென்னையில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். சிறுநீரகக் கோளாறோடு பக்கவாதமும் வந்தது. நவம்பரில் நியூயார்க் புரூக்ளினுக்குக் கொண்டுபோனார்கள். படுக்கையில் இருந்தபடியே டிசம்பர் தேர்தலில் ஆண்டிப்பட்டியில் ஜெயித்தார். 1985 பிப்ரவரியில் திரும்பி மறுபடி முதல்வரானார். 1987 டிசம்பர் 24இல் இறக்கும்வரை பேச்சு பழையபடி திரும்பவில்லை. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எழுதிய நூல் எம்.ஜி.ஆரின் திரைப் பிம்பம் எப்படி அரசியலானது என்று காட்டியது. அந்தப் பிம்பத்துக்குக் கடைசிக் காலத்தில் பேச்சே தேவைப்படவில்லை என்பதையும் சேர்த்து யோசிக்கலாம். கை அசைத்தால் போதும். மிச்சத்தைச் சுற்றியிருந்தவர்கள் மொழிபெயர்த்தார்கள். அரசாங்கமே மொழிபெயர்ப்பாளராக நின்றது.

சாதாரண ஆளுக்குப் பேச்சு குழறினால் குடித்திருக்கிறான் என்பார்கள், பைத்தியம் என்பார்கள். பஸ்ஸில் இறக்கிவிடுவார்கள். பேங்கில் கையெழுத்து மாறிப்போச்சு என்று திருப்பி அனுப்புவார்கள். அதே நோய், முதல்வருக்கு மொழிபெயர்ப்பாளர்கள், பெல்ட் ஆப்பரேட்டருக்குப் பெரியம்மா. தமிழுக்காக உயிரையே கொடுக்கிற நாட்டில் தமிழை இழந்த தமிழர்கள் பற்றி ஒரு தீர்மானம்கூட எந்த மாநாட்டிலும் நான் கேட்டதில்லை.

சட்டத்தின் கணக்கு இது. 1995ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. பேச்சிழப்பு அதில் இல்லை. கால் விளங்காவிட்டால் சான்றிதழ் உண்டு, நாக்கு விளங்காவிட்டால் கிடையாது. 2016ஆம் வருஷத்துச் சட்டம் இருபத்தொரு வகையாக்கி, 'பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு' என்பதில் அஃபேசியாவைப் பெயர் சொல்லியே சேர்த்தது. ப்ரோக்காவிலிருந்து கணக்கிட்டால் 155 வருஷம். அரசு நிறுவனத்தில் பணிக்காலத்தில் குறைபாடு வந்தவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது, பதவி இறக்கக் கூடாது, செய்யக்கூடிய வேறு வேலைக்கு அதே சம்பளத்தில் மாற்ற வேண்டும் என்று அதன் 20ஆம் பிரிவு சொல்கிறது. பொதுத்துறையும் இதற்குள் வரும்.

நல்ல பிரிவுதான். ஆனால் அது 'பணியாளரை'ப் பற்றிப் பேசுகிறது. பொதுத்துறை நெடுகிலும் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒரே வேலையைச் செய்கிற இருவரில் ஒருவர் நிரந்தரம், மற்றவர் ஒப்பந்தம். நிரந்தரத் தொழிலாளிக்கு வாதம் வந்தால் சட்டம் குறுக்கே நின்று காக்கும். ஒப்பந்தத் தொழிலாளியை யாரும் நீக்கவே வேண்டியதில்லை. அடுத்த ஒப்பந்தத்தில் பேர் இல்லாமல் போனால் போதும். 'பணி நிரந்தரம்' என்ற பழைய கோரிக்கையைச் சம்பளக் கோரிக்கையாகவே கேட்டுப் பழகிவிட்டோம். வாய் கோணிய மறுநாளும் ஒருவர் தொழிலாளியாகவே எண்ணப்படுவாரா என்பதும் அதற்குள் இருக்கிறது.

7

மீள முடியுமா? முடியும், பலருக்கும் ஓரளவு. முதல் மூன்று மாதம் வேகம் அதிகம். அதற்கப்புறம் கதவு அடைத்துவிடும் என்பது பழைய நம்பிக்கை. 2017இல் வெளியான ஜெர்மன் ஆய்வு, வாதம் வந்து ஆறு மாதத்துக்கு மேலானவர்களுக்கு மூன்று வாரம், வாரம் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் பயிற்சி கொடுத்து, அன்றாடப் பேச்சு மேம்படுவதைக் காட்டியது. மருந்து அல்ல, மணிக்கணக்குதான் மருந்து. அந்த மணிக்கணக்கை யார் கொடுப்பது?

அதே 2017இல் இந்தியாவின் 14 ஆஸ்பத்திரிகளில் 1250 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவும் வந்தது. வீட்டாருக்கே பயிற்சி கொடுத்துப் பக்கவாத நோயாளியைத் தேற்றச் செய்யலாமா என்று பார்த்தார்கள். ஆறு மாத முடிவில் இறப்பிலோ பிறரைச் சார்ந்திருப்பதிலோ வித்தியாசமில்லை. இதை வீட்டாரின் தோல்வியாகப் படிப்பது அநியாயம். 'குடும்பம்' என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பெரும்பாலும் ஒரு பெண் இருப்பாள். அவளுக்குச் சம்பளம் இல்லை, ஷிப்ட் முடிவதில்லை. மைசூரில் 1965இலேயே பேச்சு–கேட்பு நிறுவனம் தொடங்கிய நாடு இது. படித்தவர்கள் வருகிறார்கள், நகரங்களிலேயே தங்கிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் பிசியோதெரபியை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது பெரிய காரியம். காலுக்கு வந்த ஆள் நாக்குக்கும் வரவேண்டும்.

பெரியம்மா எந்த ஆய்வும் படிக்கவில்லை. தெருக்கூத்து பார்த்து வளர்ந்த மனுஷன் என்பது அவளுக்குத் தெரியும். ஒருநாள் அரிசி புடைத்துக்கொண்டே பழைய கூத்துப் பாட்டை முணுமுணுத்தாள். திண்ணையிலிருந்து பெரியப்பா அடுத்த அடியைப் பாடினார், சொல் பிசகாமல். 1745இலேயே ஸ்வீடனில் ஓலோஃப் டாலின், பேச முடியாத ஒருவர் தேவாலயப் பாட்டைப் பாடியதைப் பதிந்திருக்கிறார். 1973இல் பாஸ்டனில் அதை ஒரு பயிற்சி முறையாகவே ஆக்கினார்கள். ராகத்தைவிடத் தாளமும் பழகிய தொடரும்தான் உதவுகின்றன என்று பிற்பாடு வந்தவர்கள் சொல்கிறார்கள். பெரியம்மா தொடையில் தட்டித் தட்டித் தாளம் வைத்து "தண்–ணி வே–ணும்" என்று சொல்லவைத்தாள். அப்புறம் டீக்கடைக்குக் கூட்டிப்போய், கடைக்காரரிடம் "அவுரே கேக்கட்டும், நீ முந்திக்கிட்டுக் குடுக்காத" என்று சொல்லிவிட்டு எட்ட நின்றாள். கடைக்காரர் காத்திருந்தார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கடைக்காரர் அப்போதும் காத்திருந்தார்.

ஸ்வீடனின் கவிஞர் தோமஸ் ட்ரான்ஸ்ட்ரோமருக்கு 1990இல் வாதம் வந்து பேச்சும் வலது கையும் போயின. 1996இல் புதுத் தொகுப்பு வந்தது. 2011இல் நோபல் வந்தபோதும் அவர் சொல்லவந்ததை எடுத்துச் சொன்னவர் மனைவி மோனிகா. பரிசுப் பட்டியலில் மோனிகாவுக்கும் இடமில்லை, பெரியம்மாவுக்கும் இடமில்லை.

ஆகவே என்ன செய்வது என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. சங்கங்கள் கோரிக்கைப் பட்டியலில் ஒரு வரி சேர்க்கட்டும்: சுரங்கம் இருக்கிற ஊரில் பேச்சுப் பயிற்சியாளர் வேண்டும், நிரந்தரம் ஒப்பந்தம் என்று பார்க்காமல் எல்லோருக்கும் வேண்டும், ஓய்வு பெற்றவருக்கும் வேண்டும். மொழியியல் படித்தவர்கள் சேரைச் சேர் என்று ஏற்கிற ஒரு பரிசோதனையைப் பேச்சுத் தமிழில் உண்டாக்கட்டும். எழுதுகிறவர்கள் மௌனத்தைக் கொஞ்ச நாள் சும்மா விடட்டும். எல்லோரும் டீக்கடைக்காரரைப் போலக் காத்திருக்கப் பழகலாம்.

பெரியப்பா இப்போது சின்னச் சின்ன வாக்கியம் பேசுகிறார். பேர்கள் இன்னும் தகராறுதான். இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். லெபோர்ன் வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். "அவன்... பேரு?" என்றார். சொன்னேன். மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். மூணாவது தடவை அவரே சொல்லிப் பார்த்தார். பாதிதான் வந்தது. "எழுது" என்றார்.